புயல் பெட்டி

ஜெசிந்தா: எலி கடிச்சதுன்னு சொல்றீங்க.

முனியம்மா: ஆமா. இந்தக் குப்பத்துல எலி ஜாஸ்தி.

ஜெசிந்தா: சைரன் வயர் ரெண்டும் ஒரே நேரா வெட்டுப்பட்டிருக்கே அக்கா. கத்தியால சீவின மாதிரி.

முனியம்மா: எங்க ஊரு எலிங்க அப்டித்தான். கருவாடு தின்னு தின்னு பல்லு கூராயிடுச்சி.

ஜெசிந்தா: அந்த எலிக்கு டேப் சுத்தவும் தெரியுமா? வெட்டின முனையில கறுப்பு டேப் ஒட்டியிருக்கு.

முனியம்மா: அது... கரண்டு அடிக்கப் போவுதேன்னு நான் சுத்தினேன். நீ மொதல்ல அந்த மோர குடி. வெயில்ல வந்த பொண்ணு. மெட்ராஸ்லருந்து எப்ப கெளம்பின?

ஜெசிந்தா: விடியறதுக்கு முன்னாடி. பொன்னேரி வரைக்கும் ரயில், பழவேற்காட்டுக்கு பஸ், அங்கருந்து படகு. படகுக்காரர் பாதி ஏரியில எறங்கித் தள்ளினார்.

முனியம்மா: ஐப்பசி பொறந்தும் மழை இல்ல. தண்ணி முட்டி அளவுதான் கீது. பேரு இன்னா சொன்ன?

ஜெசிந்தா: ஜெசிந்தா.

முனியம்மா: இந்தப் பெட்டிய போன வருசம் மாட்டினப்போ ரெண்டு ஆம்பளைங்க வந்தாங்க. இஞ்சினீருங்கன்னாங்க. நீ அவங்க கீழ வேல செய்றியா?

ஜெசிந்தா: நானும் இன்ஜினியர்தான் அக்கா.

முனியம்மா: அப்டியா... சரி, சரி. வயருக்கு வூட்ல சண்ட போட்டுகினு வந்தியா?

ஜெசிந்தா: எந்த வயருக்கு?

முனியம்மா: கல்யாணம் பண்ணிக்கோன்னு சொல்லியிருப்பாங்க. நீ வயரு பாக்கணும்னு வந்திருப்ப.

ஜெசிந்தா: அதெல்லாம் எங்கம்மாகிட்ட நீங்களே பேசிக்கோங்க. இப்ப இதுக்கு பதில் சொல்லுங்க. மேல, மாடியில, அந்தக் கம்பிவலை ஆண்டெனா இருக்கே... அதுல என்ன காயுது?

முனியம்மா: எதுல?

ஜெசிந்தா: மல்லாத்தி வச்ச குடை மாதிரி வானத்தப் பாத்துட்டு இருக்கே, அதுல.

முனியம்மா: ஓ, அதுவா. நெத்திலி. கொஞ்சம்தான். நாய் ஏறாது, காத்தும் அடியில பூந்து வருது. கருவாட்டுக்குன்னே செஞ்ச மாதிரி கீது.

ஜெசிந்தா: செயற்கைக்கோள்லருந்து வர்ற அலைய பிடிக்கறதுக்கு செஞ்சது அக்கா. அவ்ளோ தூரத்துலருந்து வர்றப்ப ரொம்ப மெலிசா வரும். அதுமேல நெத்திலிய பரப்பி வச்சா இன்னும் மெலிஞ்சிடும்.

முனியம்மா: எடுத்துடறேன். திட்டாத.

ஜெசிந்தா: திட்டல. ஸ்பீக்கர் எங்க? பெட்டிக்கு முன்னாடி ஓட்டைதான் இருக்கு.

முனியம்மா: உப்புக் காத்துல அரிச்சிப் போச்சி. கழட்டிப் போட்டுட்டேன்.

ஜெசிந்தா: ஒரு வருஷத்துலயா?

முனியம்மா: எங்க வூட்டு ஜன்னல் கம்பிய பாரு, அது எத்தினி வருசம்னு நெனக்கிற.

ஜெசிந்தா: சரி... அக்கா, நான் அதிகாரி மாதிரி கேக்கல. போன மாசம் என்ன ஆச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க. பெட்டி இங்க சும்மாவே கத்திடுச்சுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்.

முனியம்மா: இன்னா சொல்றது. மத்தியானம். வானம் கண்ணாடி மாதிரி கீது. நான் மீன வித்துட்டு வந்து இங்கதான் குந்திகினு இருந்தேன். திடீர்னு இந்த சைரனு ஊன்னு எடுத்துச்சி பாரு... கையில இருந்த சொம்பு உருண்டுகினு போச்சி. அப்பால ஒரு குரலு. கர்ருகர்ருன்னு எரைச்சலு, நடுவுல பொயலு, பாதுகாப்பான எடத்துக்குப் போங்கன்னு.

ஜெசிந்தா: எல்லாரும் ஓடினாங்களா?

முனியம்மா: ஓடாம? மூணு வருசம் முன்ன வந்த பொயல பாத்த ஊரு இது. அப்ப இந்தப் பெட்டி கெடையாது. ரேடியோவுல இன்னாவோ சொன்னாங்களாம், நம்ம ஊருன்னு எவனுக்கும் புரியல. ஏரியில போனவங்க திரும்பல. தலைவரோட தம்பி, ஆதிகேசவன், படகோட போயிட்டான். அதுக்கப்பறம்தான இந்தப் பெட்டிய வச்சிங்க.

ஜெசிந்தா: ஆமா.

முனியம்மா: அதனால அன்னைக்கி ஒருத்தர் பாக்கி இல்லாம ஓடினாங்க. ஏரியில வல கட்டினவங்க அப்டியே வுட்டுட்டு ஓடி வந்தாங்க, நீரோட்டம் வலைய வாரிகினு போச்சி. பள்ளிக்கூடத்துல போயி குந்திகினு... சாயந்தரம் வரைக்கும் ஒரு இலை அசையல. பசங்க விளையாட ஆரம்பிச்சிட்டாங்க.

ஜெசிந்தா: யாருக்காவது அடி பட்டுச்சா?

முனியம்மா: தலைவரு சம்சாரம், ரங்கம்மா அக்கா. ஓட்டத்துல வரப்பு தடுக்கி வுழுந்து இடுப்பு எலும்பு போச்சி. இன்னும் படுக்கைதான்.

ஜெசிந்தா: ...எனக்கு யாரும் சொல்லல. நான் போய் ஒரு தடவ பாத்துட்டு வரட்டுமா?

முனியம்மா: வாணாம். இப்ப தூங்கும். நீ உன் வேலைய பாரு. சொல்லு, ஏன் கத்திச்சி? உனக்குத் தெரியுமில்ல.

ஜெசிந்தா: தெரியும். கண்டுபிடிக்க நாளாச்சு. அன்னைக்கு நெஜமாவே ஒரு எச்சரிக்கை அனுப்பினாங்க. ஆனா இந்த ஊருக்கு இல்ல, ரொம்ப வடக்க, ஆந்திராவுல ஒரு கரைக்கு.

முனியம்மா: அவங்களுக்கு சொன்னது நம்ம பெட்டிக்கு ஏன் வுழுது?

ஜெசிந்தா: எல்லாப் பெட்டிக்கும் எல்லாமே விழும் அக்கா. மேலருந்து வர்றது மழை மாதிரி, எல்லார் தலையிலயும் பெய்யும். அதனால ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர் குடுத்திருக்கோம். பெட்டி எப்பவும் கேட்டுகிட்டே இருக்கும். தன் நம்பர் வந்தா மட்டும்தான் வாயத் தொறக்கும்.

முனியம்மா: பேர சொல்லி கூப்புடற மாதிரி.

ஜெசிந்தா: அதேதான். அந்த நம்பர் ஒண்ணு, பூஜ்யம், ஒண்ணு, ஒண்ணுன்னு போகும். அது ரெண்டைத் தவிர வேற எதுவும் கிடையாது. அன்னைக்கு அந்த ஊரோட நம்பருக்கும் இந்த ஊர் நம்பருக்கும் ஒரே ஒரு எடத்துலதான் வித்தியாசம். வர்ற வழியில இரைச்சல் கலந்து, அந்த ஒரு பூஜ்யம் ஒண்ணுன்னு விழுந்துடுச்சு.

முனியம்மா: அக்கரையில நின்னுகினு கனியம்மான்னு கூப்ட்டா, காத்துல எனக்கு முனியம்மான்னு கேக்குமே...

ஜெசிந்தா: நீங்க என்னான்னு திரும்பிப் பாப்பீங்க. இது திரும்பிப் பாக்காது. நேரா சைரன் ஊதிடும்.

முனியம்மா: பக்கத்துப் பக்கத்து நம்பர குடுத்தது யாரு?

ஜெசிந்தா: ...அது எங்க தப்புதான். கொஞ்சம் தள்ளித் தள்ளி குடுத்திருக்கணும்.

முனியம்மா: பரவால்ல, எலின்னு சொல்லாம ஒத்துகினியே. இரு... வாசல்ல ஆளு. தலைவரு வராரு. எலி கதைய அவர்கிட்ட கேக்காத.

திருவேங்கடம்: முனியம்மா, மெட்ராஸ்லருந்து ஆளு வந்திருக்காமே.

முனியம்மா: வா மாமா. இந்தப் பொண்ணுதான். பெட்டிய ரிப்பேரு பாக்க வந்திருக்குது. ஜெசிந்தா, இவருதான் ஊர்த் தலைவரு, திருவேங்கடம்.

ஜெசிந்தா: வணக்கம் ஐயா.

திருவேங்கடம்: ரிப்பேரா? எடுத்துகினு போங்கன்னு இல்ல நான் பொன்னேரி வரைக்கும் போயி சொல்லிட்டு வந்தேன்.

முனியம்மா: எடுத்துகினு போறதா? இன்னாம்மா இது. ரிப்பேருன்னுதான நீ சொன்ன.

ஜெசிந்தா: ரெண்டும்தான் அக்கா.

முனியம்மா: ரெண்டும்னா?

ஜெசிந்தா: ஊர் வேணாம்னு சொல்லிடுச்சு, கழட்டிட்டு வான்னுதான் எனக்கு ஆர்டர். கழட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ சரி பண்ணிப் பாக்கலாம்னு பெட்டிக்குள்ள சொருகற புது கார்டு ஒண்ணு செஞ்சு எடுத்துட்டு வந்தேன். அது ஆர்டர்ல இல்ல. எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது... ஒரு ஆளைத் தவிர.

முனியம்மா: மோர குடிச்சிகினே பொய் சொல்லியிருக்கியே.

ஜெசிந்தா: நீங்க மட்டும் என்னவாம்.

திருவேங்கடம்: எதுக்கும்மா இந்த வேல? வாணாம்னு சொன்னா வுட்டுட வேண்டியதுதான.

ஜெசிந்தா: ஐயா, உங்க வீட்டு அம்மாவுக்கு நடந்தத இப்பதான் கேட்டேன். மன்னிச்சுக்கோங்கன்னு சொல்றது போதாது.

திருவேங்கடம்: அத வுடு. ஊரு கூடிச்சி, வாணாம்னிச்சி, ஊருக்காக நான் போயி சொன்னேன். அவ்ளோதான். ...அந்தக் கார்டு இன்னா செய்யும்?

ஜெசிந்தா: ரெண்டு வேலை செய்யும். நம்பர் கடைசியில ஒரு எண் கூட சேத்திருக்கோம். மொத்தத்துல ஒண்ணுங்க எத்தனைன்னு எண்ணினா எப்பவும் ரெட்டைப்படையா வர்ற மாதிரி. வழியில ஒரு எடம் மாறினா ஒத்தைப்படை ஆயிடும். ஏதோ கெட்டுப்போச்சுன்னு பெட்டிக்குப் புரிஞ்சிடும், பேசாம இருந்துடும்.

திருவேங்கடம்: ரெண்டு எடம் மாறினா?

முனியம்மா: மாமா, உக்காந்து கேளு.

திருவேங்கடம்: நிக்கிறேன். ரெண்டு எடம் மாறினா மறுபடியும் ரெட்டைதான வரும்.

ஜெசிந்தா: வரும். அதுக்குத்தான் ரெண்டாவது வேலை. ஒரே நம்பர மூணு தடவை அனுப்புவாங்க. மூணுல ரெண்டு தடவையாவது ஒத்து வந்தாதான் பெட்டி நம்பும். இரைச்சல் ஒரே தப்ப அதே எடத்துல மறுபடி பண்றது ரொம்ப அபூர்வம்.

திருவேங்கடம்: அபூர்வம்னா... நடக்காதுன்னு சொல்ல மாட்டேங்கற.

ஜெசிந்தா: சொல்ல மாட்டேன். சொன்னா பொய்.

திருவேங்கடம்: சரி, இதையும் சொல்லு. நெசமா பொயலு வருது. மழை, இடி. உன் எரைச்சலு அன்னைக்கிதான் ஜாஸ்தியா இருக்கும். மூணு தபாவும் கெட்டுப் போச்சின்னா?

ஜெசிந்தா: அந்த தடவை பெட்டி சும்மா இருந்துடும்.

முனியம்மா: சும்மா இருந்துடுமா?

ஜெசிந்தா: அதான் இதுல இருக்கற சிக்கலே அக்கா. பெட்டிய சுலபமா நம்புற மாதிரி வச்சா, வேணாத நேரத்துல கத்தும். சந்தேகப்படற மாதிரி வச்சா, வேணும்ங்கற நேரத்துல கம்முனு இருக்கும். ஒண்ண கொறச்சா இன்னொண்ணு கூடும். ரெண்டையும் ஒண்ணா கொறைக்கணும்னா ஒரே வழிதான் இருக்கு... திரும்பத் திரும்ப சொல்லணும். அதனால ஒரு தடவ அனுப்பிட்டு விட மாட்டாங்க. விடாம அனுப்பிட்டே இருப்பாங்க. முதல் தடவ தவறினா அடுத்தது, அதுவும் தவறினா அதுக்கடுத்தது.

திருவேங்கடம்: அதுக்குள்ள அலை வந்து வூட்டு வாசல்ல நிக்கும்.

ஜெசிந்தா: இல்லைங்கய்யா. புயல் கரைக்கு வர்றதுக்கு முந்தின நாளே ஆரம்பிச்சிடுவாங்க. அப்ப இங்க மழையே இருக்காது. நமக்கு நேரம் இருக்கு. அந்த நேரத்த செலவு பண்ணித்தான் தப்ப கொறைக்கறோம்.

திருவேங்கடம்: ம்.

முனியம்மா: இன்னா மாமா, ம்முன்ற.

திருவேங்கடம்: ஒண்ணுமில்ல. பெட்டி சொன்னது நம்ம ஜனங்களுக்கு காதுல ஏறணுமே. அன்னைக்கி ஓடினவன் ஒவ்வொருத்தனும் ஏமாந்தோம்னு நெனச்சிகினு கெடக்குறான். சின்னப் பசங்க சைரன் மாதிரி ஊதி ஊதி சிரிக்குதுங்க. இனிமே இது நெசமா ஊதினாலும் எவன் எழுந்திருப்பான்?

ஜெசிந்தா: அதுக்கு என்கிட்ட கார்டு இல்லைங்கய்யா.

திருவேங்கடம்: இல்லன்னு தெரியும்.

ஜெசிந்தா: அப்போ... கழட்டிடவா? இங்க வேணாம்னா வேற ஊருக்கு குடுத்துடுவாங்க.

திருவேங்கடம்: எந்த ஊருக்கு?

ஜெசிந்தா: தெரியல. கேட்டுட்டு இருக்கற ஊரு நெறைய இருக்கு.

திருவேங்கடம்: எடுத்துகினு போறதுன்னா போ. நான் தடுக்கல. ஆனா பெட்டி வெயிட்டு. பேட்டரி ஒண்ணு வேற. தூக்கறதுக்கு ஆளு இல்ல, எல்லாம் எறா புடிக்க ஏரியில கீறானுங்க.

ஜெசிந்தா: நான் வந்த படகுக்காரர் காத்துட்டு இருக்கார். அவரும் நானுமா தூக்கிடுவோம்.

திருவேங்கடம்: அவன் போயிட்டான்.

ஜெசிந்தா: போயிட்டாரா? சாயந்தரம் வரைக்கும் இருக்கறேன்னு சொன்னாரே.

திருவேங்கடம்: நான்தான் போன்னேன். சும்மா நிக்கிறானேன்னு. வேற படகு வரும். ஆனா அது சின்னது, பெட்டிய வச்சா நனையும்.

முனியம்மா: நனைஞ்சா வீணாயிடும் மாமா.

திருவேங்கடம்: அததான் நானும் சொல்றேன்.

ஜெசிந்தா: ஐயா, எனக்குப் புரியல. எடுத்துட்டுப் போன்னு சொல்றீங்களா, வேணாம்னு சொல்றீங்களா?

திருவேங்கடம்: எடுத்துகினு போன்னுதான் ஊரு சொல்லிச்சி. ...அந்தக் கார்டு சரியா வேல செய்யுதான்னு எப்டி பாப்ப?

ஜெசிந்தா: நாலு மணிக்கு மெட்ராஸ்லருந்து ரெண்டு அழைப்பு அனுப்பச் சொல்லியிருக்கேன். அந்த ஒரு ஆள்தான் அனுப்புவார். முதல்ல தப்பு நம்பர், ஒரு எடம் மாத்தி. அதுக்கு பெட்டி அசையக் கூடாது. அப்புறம் இந்த ஊரோட சரியான நம்பர்.

முனியம்மா: இன்னைக்கேவா? நாளைக்கி அனுப்பினா ஆவாதா?

ஜெசிந்தா: ஏன் அக்கா?

முனியம்மா: சும்மா கேட்டேன். நீ இன்னும் சாப்புடல. எறா தொக்கு வச்சிருக்கேன்.

திருவேங்கடம்: நாலு மணிக்கா... இப்ப இன்னா மணி?

ஜெசிந்தா: இன்னும் கொஞ்சம்தான் இருக்கு.

திருவேங்கடம்: அப்ப நான் வரேன்.

ஜெசிந்தா: இருந்து பாத்துட்டுப் போங்கய்யா. நீங்க கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

திருவேங்கடம்: எனக்கு எதுக்கும்மா. வூட்ல வேல கெடக்குது. முனியம்மா, அந்தப் பொண்ணுக்கு சோறு போடு.

ஜெசிந்தா: ...என்ன மனுஷன் அக்கா இவர். குத்திக் குத்திக் கேட்டார், கடைசியில காதுல வாங்கிக்காம போறார்.

முனியம்மா: அவரு அப்டித்தான். நீ சாப்புடு.

ஜெசிந்தா: கார்ட போட்டுடறேன் முதல்ல. அந்த டார்ச்ச கொஞ்சம் இப்படிப் பிடிங்க. ம்... உக்காந்துடுச்சு. இந்த இயர்போன நான் மாட்டிக்கறேன். இதுல ஊர் ஊருக்கு வர்றது எல்லாம் கேக்கும். நம்ம நம்பர்னு பெட்டி நம்பினா இந்த சிவப்பு பல்பு எரியும்.

முனியம்மா: எரிஞ்சா போதுமில்ல. சத்தம் வரணும்னு இல்லையே.

ஜெசிந்தா: சைரனும் இல்ல, ஸ்பீக்கரும் இல்ல. எங்கருந்து சத்தம் வரும்?

முனியம்மா: அதுவும் சரிதான்.

ஜெசிந்தா: டார்ச்சு சுவத்துப் பக்கம் போகுது அக்கா.

முனியம்மா: டார்ச்சு கனக்குது.

ஜெசிந்தா: ஷ்... வருது. தப்பு நம்பர். ஒண்ணு... ரெண்டு... மூணு தடவையும் வந்துடுச்சு. பல்பு?

முனியம்மா: எரியல.

ஜெசிந்தா: நல்லா பாருங்க.

முனியம்மா: எரியலம்மா. கம்முனு கீது.

ஜெசிந்தா: அப்பாடா. போன மாசம் இந்தக் கார்டு இருந்திருந்தா தலைவர் வீட்டு அம்மா விழுந்திருக்க மாட்டாங்க அக்கா.

முனியம்மா: ம்.

ஜெசிந்தா: இருங்க, அடுத்தது. இது நம்ம நம்பர். ஒண்ணு... ரெண்டு...

முனியம்மா: எரியுது. செவப்பா எரியுது.

ஜெசிந்தா: எடுத்துகிச்சு. ரெண்டும் சரியா வந்துடுச்சு.

முனியம்மா: சந்தோசம். வா, வா, பின்பக்கம் போயி கைய கழுவு. சோறு ஆறுது.

ஜெசிந்தா: ஒரு நிமிஷம். இயர்போன கழட்டறேன்... அக்கா, இது என்ன சத்தம்?

முனியம்மா: எது?

ஜெசிந்தா: "இது சோதனை, யாரும் பயப்பட வேண்டாம்..." கேக்கலையா?

முனியம்மா: ரேடியோவா இருக்கும்.

ஜெசிந்தா: இது என் குரல். நான் பேசிப் பதிவு பண்ணது. இந்தப் பெட்டி வழியாத்தான் வர முடியும்.

முனியம்மா: நீ மொதல்ல வந்து கைய கழுவு.

ஜெசிந்தா: சுவத்துக்கு அந்தப் பக்கம் பேசுது. அக்கா, ஸ்பீக்கர் உப்புல அரிச்சுப் போச்சுன்னு சொன்னீங்க.

முனியம்மா: சொன்னேன்.

ஜெசிந்தா: அந்தாண்ட யார் வீடு?

முனியம்மா: தலைவரு வூடு. பொயலுக்கப்பறம் கட்டிக் குடுத்த வூடு இதெல்லாம், ரெண்டு வூட்டுக்கும் ஒரே செவுரு. ஊரு பாக்க சைரன் வயர அறுத்ததும் அவருதான். அன்னைக்கே ஸ்பீக்கர கழட்டி, செவுத்துல ஓட்ட போட்டு, ரங்கம்மா அக்கா படுத்துகினு இருக்கிற கட்டிலாண்ட மாட்டினதும் அவருதான். "பெட்டி கத்தினா இனிமே ஒருத்தனும் நம்ப மாட்டான் முனியம்மா, நான் ஓடினாதான் ஓடுவான், அதனால மொதல்ல என் காதுல வுழட்டும்"னாரு. அந்தக்கா எலும்பு ஒடிஞ்ச வலியோட கேட்டுகினு இருந்திச்சி, ஒரு வார்த்த வாணாம்னு சொல்லல. அன்னையிலருந்து, ஸ்பீக்கரு பேசினா கேக்கணுமேன்னு, தனக்கும் இடுப்பு வலின்னு ஊருக்கு சொல்லிகினு, அந்த மனுசன் கடலுக்கே போவல.